கோல்ஃப் பந்து: விலை கூடினால் தூரம் கூடுமா? புதிதாக ஆடுபவர்கள் எதை வாங்கலாம்?

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸில் நாலு பேர் சனிக்கிழமை காலையில் கோல்ஃப் ஆடப் போகிறார்கள். "சும்மா வந்து பாருப்பா" என்று மேனேஜர் கூப்பிட்டார். போனீர்கள். பிடித்துவிட்டது. மட்டைகளை யாரிடமாவது இரவல் வாங்கிச் சமாளிக்கலாம். பந்தை இரவல் வாங்க முடியாது. அது தொலையும்.

சரி, நாமே வாங்கிவிடலாம் என்று போனில் தேடினால் தலை சுற்றுகிறது. எல்லாப் பந்தும் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. ஒரு டஜன் ஆயிரத்துச் சொச்சத்துக்கும் இருக்கிறது, ஐந்தாயிரத்தைத் தாண்டியும் இருக்கிறது. பெட்டி மேலே 'டிஸ்டன்ஸ்', 'சாஃப்ட்', 'டூர்' என்று ஏதேதோ எழுதியிருக்கிறது. கூட ஆடுகிற சீனியர் ஒன்று சொல்கிறார், கேடி அண்ணன் வேறொன்று சொல்கிறார்.

எதை நம்புவது? சுருக்கமான பதில் இதுதான்: தூரத்தைப் பார்த்துப் பந்து வாங்காதீர்கள். கிரீனுக்குப் பக்கத்தில் அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். தொலைத்தால் வயிறு எரியாத விலையில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகு மாற்றாதீர்கள். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பந்துக்குள் என்ன இருக்கிறது?

கோல்ஃப் விதிகளை வகுப்பவை இரண்டு அமைப்புகள்: பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ, அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏ. இவற்றின் விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. பந்து கிளம்பும் வேகத்துக்கும் போகும் தூரத்துக்கும்கூட உச்சவரம்பு உண்டு. அதாவது 300 கெஜம் போகும் பந்து, 350 கெஜம் போகும் பந்து என்று கடையில் இரண்டு ரகம் இருக்கவே முடியாது. அங்கீகரிக்கப்பட்ட எல்லாப் பந்தும் அந்த ஒரே வரம்புக்குள்தான்.

அப்புறம் எதில் வித்தியாசம்? இரண்டு இடத்தில்: உள்ளே இருக்கும் கரு, வெளியே இருக்கும் உறை.

கரு பெரும்பாலும் பாலிபியூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பர். கரு, உறை என இரண்டே பாகம் என்றால் அது 'டூ பீஸ்' பந்து. நடுவில் இன்னொரு அடுக்கு வந்தால் 'த்ரீ பீஸ்'. நான்கு, ஐந்து அடுக்குப் பந்துகளும் உண்டு. டெய்லர்மேட் டிபி5 பெயரில் இருக்கும் 5 அதுதான்.

உறைதான் விலையைத் தீர்மானிக்கும் முக்கியமான விஷயம். ஒரு ரகம் அயனோமர். சர்லின் என்ற பெயரில் பிரபலமான இந்தப் பிளாஸ்டிக் கெட்டியானது, எளிதில் கீறல் விழாது, தயாரிக்கவும் மலிவு. காலவே சூப்பர்சாஃப்ட் மாதிரியான டூ பீஸ் பந்துகளில் இருப்பது இதுதான். இன்னொரு ரகம் யூரித்தேன். இது கொஞ்சம் பிடிமானம் உள்ளது, செய்வதற்கும் செலவு அதிகம். 2000-ம் ஆண்டு இறுதியில் வந்த டைட்டிலிஸ்ட் ப்ரோ வி1 இந்த வகை. இன்று தொழில்முறைப் போட்டிகளில் கிட்டத்தட்ட எல்லோரும் ஆடுவது யூரித்தேன் உறைதான்.

பந்து மேல் 1, 2, 3, 4 என்று எண் இருக்குமே, அது என்ன என்று கேட்கிறீர்களா? தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரே பிராண்டை இரண்டு பேர் ஆடும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

குழிகள் எதற்கு?

19-ம் நூற்றாண்டின் நடுவில் மலாயா பக்கத்து மரங்களின் பாலில் இருந்து எடுத்த கட்டாபெர்ச்சா என்ற பொருளில் பந்து செய்தார்கள். புதிதாக, வழுவழுப்பாக இருந்த பந்து சரியாகப் பறக்கவில்லை. ஆடி ஆடி அடிபட்டு, வெட்டும் கீறலுமாகிப் போன பழைய பந்து நன்றாகப் பறந்தது. அதைக் கவனித்தவர்கள் புதுப் பந்திலேயே வேண்டுமென்று கீறல் போட ஆரம்பித்தார்கள். அதன் தொடர்ச்சிதான் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த குழிகள்.

குழிகள் பந்தை ஒட்டி ஓடும் காற்றைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய காற்று பந்தின் பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டே வருவதால், பின்னால் இருந்து இழுக்கும் விசை குறைகிறது. குழியே இல்லாத பந்து ஏறக்குறைய பாதி தூரம்தான் போகும். இன்றைய பந்துகளில் பொதுவாக 300 முதல் 400 சொச்சம் குழிகள் இருக்கும். "எங்கள் குழி வடிவம் தனி" என்று ஒவ்வொரு கம்பெனியும் சொல்லும். வாங்கும்போது நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

'மெதுவாக அடிப்பவருக்கு மெதுவான பந்து' – உண்மையா?

நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் அறிவுரை இது. "உனக்கு ஸ்விங் வேகம் கம்மி. கெட்டிப் பந்தை உன்னால் அமுக்க முடியாது. சாஃப்ட் வாங்கு."

பந்து எவ்வளவு அமுங்கும் என்பதைச் சொல்லும் எண்ணுக்குக் கம்ப்ரஷன் என்று பெயர். மிக மென்மையான பந்துகளில் இது 40-க்கும் கீழே இருக்கும். கெட்டியான பந்துகளில் 100-ஐத் தொடும். சரி, வேகத்தைப் பார்ப்போம். ஆண்களுக்கான அமெரிக்க பிஜிஏ டூரில் டிரைவர் மட்டையின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 115 மைல். பெண்களின் எல்பிஜிஏ டூரில் சுமார் 94 மைல். வாரக் கடைசியில் ஆடும் சராசரி ஆண் ஆட்டக்காரரின் வேகமும் ஏறக்குறைய அதே 94 மைல்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள் வேகத்தில் ஆடும் தொழில்முறைப் பெண்கள் 'சாஃப்ட்' பெட்டியைத் தேடிப் போவதில்லை. பெரும்பாலும் யூரித்தேன் உறை போட்ட டூர் பந்துகளைத்தான் ஆடுகிறார்கள். வேகத்தை வைத்து மட்டும் பந்தைத் தீர்மானிக்க வேண்டும் என்றால் இது பொருந்தவில்லையே?

மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் எந்தப் பந்தும் அமுங்கத்தான் செய்கிறது. மென்மையான பந்து பொதுவாகக் கொஞ்சம் மெதுவாகக் கிளம்பும். வேகம் குறைந்தவர்களுக்கு அந்த இழப்பு சின்னது. எனவே சாஃப்ட் பந்தின் 'டொக்' சத்தமும் கைக்கு வரும் உணர்வும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். அது ருசி சம்பந்தப்பட்டது. தூரத்துக்கான மருந்து இல்லை.

தூரத்தை ஏன் உங்களால் ஒப்பிட முடியாது?

இந்த இடத்தில் கொஞ்சம் புள்ளிவிவரம் தேவைப்படுகிறது.

உங்கள் 7-ம் நம்பர் அயர்ன் மட்டையால் பத்து பந்து அடிக்கிறீர்கள். சராசரியாக 140 கெஜம் போகிறது. ஆனால் ஒன்று 125, ஒன்று 152, ஒன்று 138 என்று சிதறும். புதிதாக ஆடுபவரின் பரவல், அதாவது திட்டவிலக்கம், 10 கெஜம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பந்து 'அ'வில் பத்து, பந்து 'ஆ'வில் பத்து அடித்துச் சராசரி எடுத்து ஒப்பிடுகிறீர்கள். இரண்டும் உண்மையில் ஒரே பந்தாகவே இருந்தாலும், தற்செயலாக மட்டுமே நாலைந்து கெஜ வித்தியாசம் வருவது சகஜம்.

இரண்டு நல்ல பந்துகளுக்கு இடையே இருக்கும் உண்மையான வித்தியாசமும் ஏறக்குறைய அந்த அளவுதான், பல சமயம் அதைவிடக் குறைவு. அதாவது உங்கள் கையின் தடுமாற்றம், பந்துகளின் வித்தியாசத்தை முழுசாக மறைத்துவிடும். "இந்தப் பந்து எனக்குப் பத்து கெஜம் கூட்டிக் கொடுத்தது" என்று நண்பர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் ஒரு பந்தை நன்றாக அடித்தார். நினைவில் நின்றது அந்த ஒன்று மட்டும்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு ரவுண்டில் நீங்கள் 100 அடி எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வழக்கமான 18 குழி மைதானத்தில் 4 குழிகள் குறுகிய தூரம் என்பதால், டிரைவர் எடுப்பது அதிகபட்சம் 14 முறை. கிரீனில் குழிக்கு இரண்டு வீதம் உருட்டினால் 36. மீதி 50 அடிகள் அயர்ன், வெட்ஜ் மட்டைகளில் போகின்றன. பெட்டி மேல் எழுதியிருக்கும் 'டிஸ்டன்ஸ்' பேசுவது அந்த 14 அடிகளைப் பற்றி மட்டும்.

அதிதி அசோக் சொல்லிக்கொடுத்த பாடம்

இதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1998-ல் பெங்களூருவில் பிறந்த அதிதி அசோக், ஐந்து வயதில் கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தில் ஆடத் தொடங்கியவர். 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 60 பேர் ஆடினார்கள். அவர்களில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர் அதிதி. முடிவில் அவர் எத்தனையாவது? நான்காவது. 15 அண்டர் பாரில் முடித்தார். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மோதிய இருவரும் 16 அண்டர். ஒரே ஒரு அடியில் பதக்கம் போனது.

அந்த நான்கு நாளும் அவரைத் தாங்கிப் பிடித்தது, கிரீனுக்கு அருகிலும் கிரீன் மேலும் அவர் ஆடிய ஆட்டம். நாம் அதிதி இல்லைதான். ஆனால் தூரம் குறைவாக இருப்பவருக்கு அடிகளை மிச்சப்படுத்தும் இடம் எது என்பது நமக்கும் அவருக்கும் ஒன்றுதான்.

கிரீன் பக்கத்தில் என்ன மாறுகிறது?

அடுக்குகளும் உறையும் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரிவது இங்கேதான். 30, 40 கெஜத்தில் இருந்து வெட்ஜில் தூக்கிப் போடும்போது, மட்டையின் கோடுகள் யூரித்தேன் உறையைப் பிடித்துச் சுழற்றிவிடும். பந்து விழுந்து, ஒரு தத்து தத்தி, பிரேக் பிடித்த மாதிரி நிற்கும். அயனோமர் உறையில் பிடி குறைவு, சுழற்சியும் குறைவு. விழுந்த பிறகு இன்னும் சில அடி ஓடும்.

ஓடுவது தப்பா? இல்லை. ஓடும் என்று தெரிந்தால் கொஞ்சம் முன்னாலேயே விழ வைக்கலாம். பிரச்சனை எங்கே வருகிறது என்றால், முதல் குழியில் நிற்கும் பந்து, மூன்றாம் குழியில் ஓடும் பந்து, ஏழாம் குழியில் புதரில் பொறுக்கிய பந்து என்று கலந்து ஆடும்போதுதான். கைக்கு எது சரி என்று கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது. தொழில்முறைப் போட்டிகளில் ஒரு சுற்று முழுக்க ஒரே ரகப் பந்துதான் ஆட வேண்டும் என்ற விதியைப் போடுவது உண்டு. உங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனாலும் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டிய விதி அது.

பந்து கோணலாகப் போகிறது. பந்தை மாற்றினால் சரியாகுமா?

வலது கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் போவதை ஸ்லைஸ் என்பார்கள். சுழற்சி குறைந்த டூ பீஸ் பந்து இந்த வளைவைக் கொஞ்சம் குறைக்கும். முழுசாகத் திருத்தாது. 1970-களில் போலாரா என்ற பெயரில் தானாக நேராகப் போகும் பந்து ஒன்று வந்தது. குழிகளைச் சமச்சீர் இல்லாமல் அமைத்ததுதான் அதன் சூட்சுமம். அதற்குப் பிறகு, பந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று விதியே கொண்டுவந்துவிட்டார்கள். எனவே விதிக்கு உட்பட்ட பந்தில் ஸ்லைஸுக்கு மருந்து இல்லை. பயிற்சியாளரிடம்தான் இருக்கிறது.

பெங்களூருவில் பறந்த பந்து சென்னையில் ஏன் விழுகிறது?

பெங்களூரு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3,000 அடி உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும், பந்தைத் தடுப்பதும் குறையும். தோராயமாக 1,000 அடிக்கு 1 சதவீதம் தூரம் கூடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சென்னை நந்தனத்தில் 150 கெஜம் போகும் அடி இங்கே 154, 155 போகும். 7,000 அடிக்கு மேல் இருக்கும் ஊட்டியில் 160-ஐத் தாண்டும்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போய் ஆடும்போது பந்து குறைவாகப் போனால், பந்து மட்டம் என்று முடிவு கட்டாதீர்கள். காற்று கனம். மழைக்காலத்திலும் இதே கதைதான். புல் ஈரமாக இருந்தால் விழுந்த பந்து உருளாது.

உண்மையான செலவு: தொலையும் பந்து

பந்து தொலைந்தால் இரண்டு நஷ்டம். முதலாவது ஸ்கோர். 2019 முதல் தேடுவதற்கு 3 நிமிடம்தான் அனுமதி. கிடைக்கவில்லை என்றால் ஒரு அடி தண்டனையோடு பழைய இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டும்.

இரண்டாவது பணம். ஒரு ரவுண்டுக்கு 4 பந்து தொலைக்கிறீர்கள், மாதம் 2 ரவுண்டு ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 96 பந்து, அதாவது 8 டஜன். பந்து ஒன்று 400 ரூபாய் என்றால் வருடத்துக்கு 38,400 ரூபாய். 150 ரூபாய் என்றால் 14,400. வித்தியாசம் 24,000 ரூபாய். இந்தப் பணத்தைப் பயிற்சியாளரிடம் கொடுத்தால் ஸ்லைஸ் குறையும், தொலையும் பந்தும் குறையும்.

இன்னொரு மறைமுகச் செலவும் உண்டு. விலை உயர்ந்த பந்தை வைத்துக்கொண்டு குளத்தைத் தாண்டி அடிக்க நிற்கும்போது, மனசு குழியைப் பார்க்காது, குளத்தைத்தான் பார்க்கும். பயந்து அடித்த பந்து எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

1. உங்கள் பட்ஜெட்டுக்குள் இரண்டு ரகம் மட்டும் எடுங்கள். மூன்று பந்து கொண்ட சின்ன டப்பா கிடைத்தால் அதுவே போதும்.

2. பழகும் கிரீனில் இருந்து தொடங்குங்கள். இரண்டு ரகத்தையும் மாற்றி மாற்றி உருட்டிப் பாருங்கள். சத்தமும் உணர்வும் எது பிடிக்கிறது?

3. அடுத்து 10 கெஜம், 30 கெஜம். ரகத்துக்குப் பத்து அடி. விழுந்த இடத்தில் இருந்து எத்தனை அடி ஓடுகிறது என்று எழுதுங்கள். மிகச் சிறந்த ஒன்றைப் பார்க்காதீர்கள், பத்தும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள்.

4. டிரைவரைக் கடைசியில் எடுங்கள். ஒரு ரகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மோசமாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். நாலைந்து கெஜ வித்தியாசத்தை நம்பாதீர்கள்.

5. டிரைவிங் ரேஞ்சில் கொடுக்கும் பந்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவை நீண்ட நாள் உழைக்கச் செய்தவை, பலமுறை அடிபட்டவை.

உங்கள் நிலைக்கு எது?

ரவுண்டுக்கு 4 பந்துக்கு மேல் தொலைப்பவர்: டூ பீஸ் அயனோமர். கழுவித் தரம் பிரித்த பழைய பந்தும் சரிதான். மேலே பெயின்ட் அடித்துப் புதுசாக்கிய பந்தைத் தவிர்க்கலாம். உள்ளே எந்த ரகம் என்றே தெரியாது.

ஒன்றிரண்டு தொலைப்பவர், 100-ஐ உடைக்கப் பார்ப்பவர்: இடைப்பட்ட விலை யூரித்தேன். ஸ்ரிக்ஸான் கியூ ஸ்டார் டூர் இதற்கு ஒரு உதாரணம். இல்லை, அயனோமரே பழகிவிட்டது என்றால் அதிலேயே இருங்கள்.

ஒரே பந்தோடு 18 குழியையும் முடிப்பவர், கிரீனில் நிறுத்தத் தெரிந்தவர்: டூர் பந்துக்குக் கொடுக்கும் காசு உங்களுக்கு வேலை செய்யும்.

விதி மாறப்போகிறதாமே?

ஆமாம். தூரத்தைக் கட்டுப்படுத்தப் பந்துச் சோதனையைக் கடுமையாக்கப்போவதாக இரு அமைப்புகளும் 2023 டிசம்பரில் அறிவித்தன. பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு இது 2030 ஜனவரியில்தான் வரும். அப்போதும் நம்மைப் போன்றவர்களுக்குக் குறையும் தூரம் 5 கெஜம் அல்லது அதற்கும் கீழ் என்று அவர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள். நாலைந்து கெஜத்தை உங்களால் அளக்கவே முடியாது என்று மேலே பார்த்தோம், இல்லையா? அதனால் இதற்காக இப்போதே வாங்கிப் பதுக்க வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை போகும்போது பையில் ஒரே ரகத்தில் ஆறு பந்து எடுத்துப் போங்கள். திரும்பும்போது எத்தனை மிச்சம் என்று போனில் குறித்து வையுங்கள். ஐந்தாறு வாரம் கழித்து அந்த எண்ணைப் பாருங்கள். எந்த விலைப் பந்து வாங்கலாம் என்று பெட்டி மேல் எழுதியிருப்பதைவிட அது தெளிவாகச் சொல்லும்.